சாதாரண தரத்திலிருந்து கால்நடை வைத்தியர் வரை: வன்னி மாணவருக்கான ஆண்டுக் கணக்கு

2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. பட்டி வைத்திருந்தவர்கள் உடனே அறியவேண்டியிருந்தது, கொன்றது குளிரா, தொற்றுநோயா என்பதுதான். இறந்த மாட்டைத் திறந்து, அதன் உறுப்புகளைப் பார்த்து விடை சொல்லக்கூடிய ஒருவர் உருவாக எத்தனை ஆண்டுகள் செல்லும்? பல்கலைக்கழகப் படிப்பை மட்டும் எண்ணுவதால் பல வீடுகளில் இந்தக் கணக்குப் பிழைத்துவிடுகிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

முதலாம் படி: உயர்தரம்

உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றைக் கற்க இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகச் செல்லும். பரீட்சைக்கு மூன்று தடவை வரை தோற்றலாம். மீண்டும் தோற்றும் ஒவ்வொரு தடவையும் ஓராண்டைச் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாம் படி: இசட் புள்ளியும் காத்திருப்பும்

உயர்தரப் பெறுபேறுகளை ஒப்பிடுவதற்காகக் கணிக்கப்படும் இசட் புள்ளியை வைத்தே பல்கலைக்கழக அனுமதி நடக்கிறது. மாணவர் அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் ஆகிய நான்கும் அந்தப் பதினாறில் அடங்குகின்றன. ஆகவே கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதிக்குத் தேவையான மிகக் குறைந்த இசட் புள்ளியைப் பார்த்து மனம் தளரவேண்டாம். உங்கள் மாவட்டத்துக்குரியதையே பாருங்கள்.

பெறுபேறு வந்தவுடன் வகுப்புத் தொடங்கிவிடாது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. அனுமதி அதற்குப் பின்னரே. இந்தக் காத்திருப்புக்கு ஓராண்டையாவது ஒதுக்குங்கள். இதை வீணான காலமாக நான் கருதவில்லை. பிரதேசக் கால்நடை வைத்தியர் பணிமனையில் அனுமதி கேட்டு, மாடுகளின் காலையும் வாயையும் தாக்கும் கால்வாய் நோய்க்குத் தடுப்பூசி போடும் நாட்களில் பட்டிகளுக்குக் கூடச் சென்று பாருங்கள். வெயிலில் மாட்டைப் பிடித்துக் கட்டும் அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதை இப்போதே அறிந்துகொள்வது நல்லது.

மூன்றாம் படி: பேராதனை

இலங்கையில் கால்நடை மருத்துவப் பட்டம் வழங்கும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே உள்ளது. அங்கே நான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் கற்கவேண்டும். வீட்டுக் கணக்கில் ஐந்து என்றே எழுதிக்கொள்ளுங்கள். உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் அடித்தளமாக அமைய, நோயியல், ஒட்டுண்ணியியல், மருந்தியல், அறுவைச் சிகிச்சை, இனப்பெருக்கம் என்று படிப்பு விரிந்து, போதனா வைத்தியசாலையில் உயிருள்ள விலங்கின் முன் வந்து நிற்கும்.

நம் பிள்ளைகளுக்கு மிகக் கடினமாக இருப்பது பாடமன்று, மொழியே. உயர்தரத்தைத் தமிழில் எழுதியவர் அங்கே விரிவுரையையும் பரீட்சையையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்வார். வைத்தியசாலைக்கு விலங்கைக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் சிங்களத்தில் பேசுவர். தமிழில் கற்ற உயிரியற் பாடத்தின் கலைச்சொற்களைக் காத்திருக்கும் ஆண்டில் நாளுக்குப் பத்தாக ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால், முதலாம் ஆண்டின் பாதிப் பாரம் குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. அது நான்கு ஆண்டு விவசாயப் பட்டம். பண்ணை முகாமைத்துவத்துக்கு மிகவும் உதவும், ஆனால் அதை முடித்தவர் கால்நடை வைத்தியராக முடியாது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளவேண்டாம். இந்தியாவில் கற்பதாயின், ஓராண்டு உள்ளகப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். அந்தப் பட்டத்தோடு இங்கே பதிவுசெய்வதற்கான நிபந்தனைகளைப் புறப்படும் முன்னரே கேட்டறியுங்கள்.

நான்காம் படி: பதிவு

பட்டம் கிடைத்த பின் இலங்கைக் கால்நடை வைத்திய சபையில் பெயரைப் பதிவுசெய்யவேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்யமுடியாது. தடங்கலின்றி நடந்தால், பதினாறு வயதில் சாதாரண தரம் எழுதியவர் இந்த இடத்துக்கு வர எட்டு, ஒன்பது ஆண்டுகள் செல்லும். அரச நியமனத்துக்கான காத்திருப்பு இதற்கு மேலானது. அந்த இடைவெளியில் தனியார் பண்ணைகளிலோ சிகிச்சை நிலையங்களிலோ பணியாற்றலாம்; பதிவு கையில் இருந்தால் போதும்.