பெயர்ப் பட்டியல் சோதனையும் ரொக்க அறிக்கையும்: கிளை ஊழியருக்கு

சென்னைக் கிளைகளில் அதிகம் சிக்கல் தருவது இனிஷியல்தான். ஆதாரில் 'முருகன் எஸ்', பான் கார்டில் 'சுப்ரமணியன் முருகன்' என்றிருக்கும். மென்பொருள் சிலநேரம் அப்பா பெயரையே வாடிக்கையாளர் பெயராக எடுத்துக்கொள்ளும். எனவே ஐ.நா. தடைப் பட்டியலோடு (ஐ.நா. பாதுகாப்பு அவை தடை விதித்தவர்களின் பெயர்ப் பட்டியல்) ஒப்பிடும்போது இனிஷியலை விரித்து, எழுத்துக்கூட்டலை மாற்றி, இரண்டு மூன்று விதமாகத் தேடுங்கள். பெயர் ஒத்துப்போனால் பிறந்த தேதி, தேசியம், பாஸ்போர்ட் எண் ஆகியவற்றைப் பாருங்கள். வேறு ஆள் என்றால் காரணத்தை எழுதி வையுங்கள். 'பொருந்தவில்லை' என்ற ஒற்றைச் சொல் ஆய்வில் நிற்காது. அதே ஆள்தான் என்றால் பரிவர்த்தனையை நிறுத்துங்கள். யுஏபிஏ எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 51ஏ நடைமுறைப்படி 24 மணி நேரத்துக்குள் உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய கணக்குகளையும் தினமும் அதோடு ஒப்பிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ரொக்க அறிக்கை எளிது, கூட்டல்தான் தவறுகிறது. சௌகார்பேட்டை வியாபாரி ஒருவர் ஒரே மாதத்தில் 5 லட்சம், 3 லட்சம், 2.5 லட்சம் ரொக்கமாகக் கட்டினால் மொத்தம் 10 லட்சம் என்ற வரம்பைத் தாண்டிவிடுகிறது. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் எஃப்ஐயு-இந்தியாவுக்கு (மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவு) அறிக்கை போக வேண்டும். வரவையும் பற்றையும் சேர்த்துக் கூட்டாதீர்கள், தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை பற்றி அனுப்பும் சந்தேக அறிக்கைக்குத் தொகை வரம்பே கிடையாது. அதை அனுப்பியதை வாடிக்கையாளரிடம் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. கவுன்டரில் 'மேலிடத்துக்கு எழுதியிருக்கோம் சார்' என்பதும் சட்டமீறலே.