புயல், வெள்ள வேலையில் அடிபட்டால் இழப்பீடு கேட்பது எப்படி?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து ஓய்ந்ததும் குமரி மாவட்டம் முழுக்க மின்கம்பம் நடுவது, ரோட்டில் கிடந்த மரத்தை அறுத்து மாற்றுவது என்று ராப்பகலாக வேலை நடந்தது. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் அப்படித்தான். இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் போனில் கூப்பிட்டதும் ஓடி வரும் தினக்கூலிகள். கையில் ஒரு துண்டுச்சீட்டு கூட இருக்காது. அடிபட்டால் எங்கே தொடங்குவது என்று அவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: யார் வேலை கொடுத்தது?

மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. உங்களைக் கூப்பிட்டவர் மேஸ்திரி, அவருக்கு மேலே ஒரு காண்டிராக்டர், அவருக்கு வேலை கொடுத்தது மின்வாரியமோ நகராட்சியோ பஞ்சாயத்தோ. காண்டிராக்டர் கை விரித்தால் அந்த மேல் நிறுவனத்திடமே கேட்க தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இடம் தருகிறது. அவர்கள் கொடுத்துவிட்டு காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும், அது அவர்கள் பாடு. அதனால் எந்த அலுவலகத்தின் வேலை, எந்த இடம், வண்டி நம்பர் என்ன, கூட நின்றவர்கள் யார் யார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். கூப்பிட்ட போன் அழைப்பையும் வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள்.

ஒரு நாள் வேலைக்குத்தானே போனோம் என்று தயங்க வேண்டாம். தற்காலிகக் கூலியாளை ஒதுக்கிய பழைய வரியை 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. மின்கம்பி, மின்கம்பம் பழுது பார்ப்பதும் மரம் வெட்டுவதும் சட்டத்தின் வேலைப் பட்டியலிலேயே இருக்கின்றன. பனையேறுவதும் கூட இருக்கிறது!

உங்கள் கூலியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உண்டென்றால் வழி வேறு. இ.எஸ்.ஐ. அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும், இரண்டு இடத்திலும் வாங்க முடியாது.

படி 2: ஆஸ்பத்திரியில் உள்ளதைச் சொல்லுங்கள்

பல வழக்குகள் சாய்வது இங்கேதான். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ வேறு எங்கோ கொண்டுபோகும்போது, கூட வரும் ஆள் காதோரமாக, "வீட்டு மாடியில இருந்து விழுந்தேன்னு சொல்லு, செலவை நான் பாத்துக்கிடுதேன்" என்பார். அப்படிச் சொன்னால் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) அதுதான் ஏறும். பிறகு மாற்றுவது பெரும்பாடு. "இன்ன இடத்தில், இன்ன வேலையில், இப்படி அடிபட்டது" என்று டாக்டரிடம் சொல்லி, அந்த ஏ.ஆர். காப்பியை மறக்காமல் வாங்குங்கள். பெரிய காயமோ மரணமோ என்றால் போலீசில் எஃப்.ஐ.ஆரும் வேண்டும்.

வெள்ளச் சேற்றை அள்ளியவருக்கு எலிக்காய்ச்சல் வந்தாலும் கேட்டுப் பார்க்கலாம். வேலையால்தான் வந்தது என்று டாக்டரின் சான்று வேண்டும்.

படி 3: எழுத்தில் தெரிவியுங்கள்

காண்டிராக்டருக்கும் மேல் நிறுவனத்துக்கும் சீக்கிரமே பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பெயர், தேதி, இடம், காயம் இவ்வளவு போதும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

படி 4: எவ்வளவு வரும்?

மாதக் கூலி, சட்டத்தின் அட்டவணையில் வயதுக்கேற்பத் தந்திருக்கும் காரணி எண், இரண்டும்தான் கணக்கு. 2020 ஜனவரி அறிவிப்புப்படி, கூலி எவ்வளவு வாங்கினாலும் கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய்தான் உச்சம். நாற்பது வயதுக்குக் காரணி 184.17. இறந்தால் கூலியில் 50 சதவீதம், அதாவது 7,500 × 184.17 = 13,81,275 ரூபாய். முழுமையாக முடங்கினால் 60 சதவீதம், 16,57,530 ரூபாய். மரம் அறுக்கும் மெஷினில் கட்டைவிரல் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு, அதாவது முழு முடக்கத் தொகையில் 30 சதவீதம், 4,97,259 ரூபாய். மருத்துவச் செலவு தனி.

ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி சேரும். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம்.

"குடிச்சிருந்தான்" என்ற பேச்சு கண்டிப்பாக வரும். மரணத்துக்கும் முழு முடக்கத்துக்கும் அந்தச் சாக்கு எடுபடாது.

படி 5: மனு

1923-இன் பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. ஏழாம் அத்தியாயத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் இப்போது சேர்ந்திருக்கிறது. விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். எந்த அதிகாரியிடம் என்று நாகர்கோவில் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். விபத்து சென்னையில் நடந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதியிலேயே மனு கொடுக்கலாம்.

மரணம் என்றால் இழப்பீட்டுத் தொகையை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். "இதோட முடிச்சுக்குவோம்" என்று வீட்டில் வந்து கொடுக்கிற பணம் இழப்பீடாகாது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக வாங்கும் கையெழுத்தும் செல்லாது.

சும்மா உதவப் போனவர்கள்?

தன் வள்ளத்தைக் கொண்டுபோய் ஆட்களை மீட்ட மீனவருக்கு முதலாளி கிடையாது, அதனால் மேலே சொன்ன மனு நிற்காது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படி இருக்கிறது. அவருக்கு இருப்பது பேரிடர் நிவாரண நிதி. மீட்புப் பணியில் இறந்தவர் குடும்பத்துக்கும் அதிலிருந்து 4 லட்சம் ரூபாய் உண்டு. இறப்புக்கான காரணத்தை உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கி, தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுங்கள், போஸ்ட்மார்ட்டம் அறிக்கையையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் சேர்த்து.