பின்பக்கமே இல்லாத குவில்ட்: கைலித் துணியில் தைக்கும் முறை

பாண்டிச்சேரி, கடலூர் பக்கம் குவில்ட் (துணிகளை அடுக்கிச் சேர்த்துத் தைக்கிற போர்வை) தைக்கிறேன் என்று சொன்னால், "இந்தப் புழுக்கத்துல அது எதுக்கு?" என்பார்கள். கேள்வி நியாயம்தான். தடிமனாகப் பஞ்சு வைத்துத் தைத்ததை ஐப்பசி மழையில் துவைத்துப் போட்டால் லேசில் காயாது, அப்புறம் ஒரு வாடை வரும். மார்கழிப் பனிக்கும் ஏசி அறைக்கும் மெல்லிசாக ஒன்று இருந்தால் போதும், அதற்கு நடுவில் பஞ்சே வேண்டாம், நன்றாக உழைத்த பருத்தி வேட்டி ஒன்று போதும். இரண்டு பக்கமும் முகப்பாக இருந்துவிட்டால் ஒரு பக்கம் அழுக்கானதும் திருப்பிப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக ஒட்டித் தைத்து, நடுத்துணியை உள்ளே வைத்து, மேலே ஓட்டுத்தையல் போடுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் மேல்பக்க மூட்டுக்கு நேராகக் கீழ்பக்க மூட்டு வந்து உட்காராது, மேலே நேராகப் போகிற தையல் கீழே கோணிக்கொண்டு தெரியும், மூட்டின்மேல் மூட்டு விழுகிற இடத்தில் ஊசியும் முறியும். முதல் குவில்டுக்கு இது வேண்டாம். இரண்டு பக்கப் பட்டைகளையும் ஒரே தையலில் பிடித்துத் திருப்பிவிடுகிற முறைதான் வீட்டு மிஷினுக்கு லாயக்கு.

துணிக்கு என் ஓட்டு குறிஞ்சிப்பாடிப் பக்கம் நெய்கிற கைலிக்குத்தான். தறியில் நெய்த கட்டம் என்பதால் நல்ல பக்கம், உல்ட்டா என்ற குழப்பமே கிடையாது. கட்டத்தின் கோட்டைப் பிடித்து வெட்டினால் ஸ்கேலும் சாக்பீஸும் பாதி நேரம் தேவைப்படாது. பிட்டுத் துணிக்குப் பாண்டிச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் தேடலாம், ஆனால் பாலியஸ்டர் கலந்ததை எடுக்காதீர்கள், உடம்பில் ஒட்டும். எதுவானாலும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள். பருத்தி சுருங்கும், பழைய வேட்டி ஏற்கெனவே சுருங்கி முடித்திருக்கும், புதுத்துணியை அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் துவையலில் போர்வை முழுக்கச் சுருக்கம் விழும். சிவப்பு, கருநீலம் இருந்தால் ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள், சாயம் இறங்கினால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள்.

அளவு 5 அடிக்கு 7½ அடி என்று வைத்துக்கொள்வோம். இதை முழுசாக மிஷினுக்குள் நுழைக்க முடியாது. அதனால் நடுத்துணியை 20½ இஞ்ச் அகலத்தில் மூன்று நீளப் பாகங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். பட்டைகள் 3 இஞ்ச் அகலம், 21 இஞ்ச் நீளம். ஒரு பாகத்துக்குப் பக்கத்துக்கு 36 பட்டை பிடிக்கும். போர்வையின் ஒரு பக்கம் முழுவதற்கும் இரண்டு கைலியும் கொஞ்சம் பிட்டும் சரியாக இருக்கும். மேல் பட்டை எந்த அகலமோ கீழ் பட்டையும் அதே அகலம் இருந்தாக வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டில் ஏதாவது ஒன்று, அரை இஞ்ச் குறைந்தாலும் அடுத்த தையலில் அதன் ஓரம் பிடிபடாமல் தொங்கும்.

பாகத்தின் ஒரு முனையில் முதல் பட்டையை நடுத்துணிமேல் நல்ல பக்கம் உங்களைப் பார்க்க வையுங்கள். அதற்கு நேர் கீழே, அடிப்பக்கத்தில், இன்னொரு பட்டை, அதன் நல்ல பக்கம் மேசையைப் பார்க்க. இப்போது இரண்டாவது பட்டையை மேல் பட்டையோடு முகத்துக்கு முகம் வையுங்கள், கீழேயும் அப்படியே. ஆக ஐந்து துணி. உள்பக்க ஓரத்தில் கால் இஞ்ச் விட்டு ஒரே தையல். பிறகு இரண்டு பட்டைகளையும் விரித்துத் திருப்பி, விரல் நகத்தால் தேய்த்துப் படியவைத்து, மேலே ஒரு இஸ்திரி. தையல் உள்ளே மறைந்துவிடும், எந்தப் பக்கம் பார்த்தாலும் நூல் தெரியாது, அதனால் நூலின் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இப்படியே மறுமுனை வரை.

கீழ்ப்பட்டை கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் ஒரே வில்லங்கம். மேலிருந்து குண்டூசி குத்தி, பாகத்தைத் திருப்பி, ஊசி கீழ்ப்பட்டையின் ஓரத்திலிருந்தும் அதே தூரத்தில் வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தையுங்கள். எல்லாத் தையலையும் இடமிருந்தே ஆரம்பித்தால் பாகம் மெல்ல வில்லாக வளையும், ஒன்றை இடமிருந்து, அடுத்ததை வலமிருந்து போடுங்கள். 16ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3, துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

மூன்று பாகமும் முடிந்ததும் ஓரங்களைச் சமமாக வெட்டி இணைக்க வேண்டும். முன்பக்கத்துக்கு ஒன்றே அரைக்கால் இஞ்ச் பட்டை, பின்பக்கத்துக்கு ஒன்றே முக்கால் இஞ்ச் பட்டை, பின்னதை நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். முதல் பாகத்தின் ஓரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்துக் கால் இஞ்சில் சேர்த்துத் தையுங்கள், கீழ்ப்பட்டையின் மடிப்பு பாகத்தின் உள்பக்கம் பார்த்திருக்கட்டும். முன்பட்டையின் மறு ஓரத்தை இரண்டாவது பாகத்தோடு முகத்துக்கு முகம் வைத்து அதே கால் இஞ்ச். விரித்தால் இரண்டு பாகங்களின் ஓரமும் நடுவில் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் மடித்த பட்டையை அதன்மேல் இழுத்து மூடிக் கையால் ஹெம்மிங். மிஷினில் அடித்தால் அந்தக் கோடு முன்பக்கம் தெரியும், இந்த ஒரு வேலையைக் கையால் செய்யச் சோம்பல் படாதீர்கள்.

மிஷின் இல்லாதவர்களுக்கு வங்காளத்துக் கந்தா வழி இருக்கிறது: மெத்தென்ற பழைய பருத்திப் புடவைகளை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, ஓரம் மடித்து, குறுக்கே நெருக்கமாக ஓட்டுத்தையல். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். நூலின் முடிச்சை வெளியே விடாமல் லேசாக வெடுக்கென்று இழுத்தால் அடுக்குக்குள் போய்விடும்.

சுற்றோரத்துக்கு 2½ இஞ்ச் பட்டை, பாதியாக மடித்தது. இரண்டு பக்கத்திலும் இருக்கிற ஏதாவது ஒரு பொது நிறத்தில் எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கு அது ஒட்டாமல் நிற்கும். முதல் இரண்டு துவையல் தனியாகப் போடுங்கள், வெயிலில் காயப்போடும்போது நடுவில் ஒருமுறை திருப்பிவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப் போகாது.