கைரேகை வைக்குமுன் அப்பாவை விமானம் ஏற்றியவன் சொல்கிறேன்

போன வாரமும் ஒருவர் வந்தார். ஒரு கையில் அம்மாவுடைய சென்னை டிக்கெட், இன்னொரு கையில் ரீஎன்ட்ரி பர்மிட்டுக்கு, அதாவது அமெரிக்காவுக்குத் திரும்பி வரும் அனுமதிக்கு, விண்ணப்பம் போட்ட ரசீது. "கைரேகையை சென்னை கான்சுலேட்ல வெச்சுக்கலாம்ல சார்?" பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் நினைத்தேன். இப்போது அமெரிக்காவில் ஒரு குடிவரவு வக்கீலிடம் விண்ணப்ப வேலை பார்க்கிறேன். கேள்வி மட்டும் மாறவில்லை.

பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், நேரத்துக்குப் போங்கள் என்பதெல்லாம் கைரேகை வைக்க வரச்சொல்லி அனுப்பும் நோட்டீஸிலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். அடிக்கடி நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ரேகை வைக்குமுன் ஊருக்குப் போவது

கிரீன் கார்டு வாங்கிய அப்பா அம்மாவுக்கு இங்கே கால் தரிக்காது. ஊரில் ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கிவிட்டால், திரும்பி வர வெறும் கார்டு போதாது. அதற்காகத்தான் ரீஎன்ட்ரி பர்மிட், படிவம் ஐ-131. பொதுவாக இரண்டு வருடம் செல்லும்.

விண்ணப்பம் போடும்போது ஆள் அமெரிக்காவில் இருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். 14 முதல் 79 வயது வரை உள்ளவர்கள் கைரேகை வைக்க வேண்டும், அதையும் அமெரிக்காவில் உள்ள மையத்தில்தான் வைக்க வேண்டும் என்ற மறுபாதிதான் காதில் ஏறுவதில்லை. ரேகை வைக்காமல் கிளம்பினால் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். தயாரான பர்மிட்டை வெளிநாட்டில் உள்ள அமெரிக்க கான்சுலேட்டுக்கு அனுப்பச் சொல்லிப் படிவத்திலேயே கேட்கலாம். பர்மிட் தருகிறவர்கள் ரேகையும் எடுத்துக்கொள்வார்கள் என்று நாமாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம். ரேகை இங்கே, பர்மிட்தான் அங்கே.

ரசீது வந்த தெம்பில் நான் அப்பாவைத் தென்காசிக்கு ஏற்றிவிட்டேன். பின்னாலேயே நோட்டீஸ் வந்தது. காரணம் எழுதித் தேதியைத் தள்ளிப்போட்டு, மூட்டுவலிக்காரரைத் திரும்ப இங்கே வரவழைத்தேன். மையத்தில் வேலை முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தவர், "விரலை மட்டும் வெட்டிப் பார்சல்ல அனுப்பிருப்பேனேடா" என்றார். டிக்கெட் காசு போனதுகூடப் பெரிதில்லை, அந்த வாக்கியம் இன்னும் குத்துகிறது. அதனால்தான் டிக்கெட்டோடு வருகிறவர்களிடம் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. ரேகை வைத்த பிறகு டிக்கெட் போடுங்கள். முடியாதென்றால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாவது வாங்குங்கள்.

இன்னொன்று: இந்த பர்மிட் கிரீன் கார்டைக் காப்பாற்றத்தான் உதவும். குடியுரிமைக்குத் தேவையான தொடர் வசிப்புக் கணக்கை இது காப்பாற்றாது.

வீடு மாறியதைச் சொல்லாதது

தபால் நிலையத்தில் முகவரி மாற்றினால், விண்ணப்பங்களைப் பார்க்கும் அமெரிக்கக் குடிவரவுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸில் மாறிவிடாது. 10 நாளுக்குள் அவர்களிடம் தனியாகத் தெரிவிக்க வேண்டும். நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய், நீங்கள் போகாமல் இருந்தால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொண்டு மறுத்துவிடலாம்.

தேதி போன பிறகு தேதி கேட்பது

முன்பே கேளுங்கள், தக்க காரணத்தோடு. ஆன்லைன் கணக்கிலேயே மாற்றலாம். ஆனால் 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தாலோ, ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியிருந்தாலோ அங்கே முடியாது.

85 டாலர்

பழைய வீடியோவைப் பார்த்துக் கைரேகைக்கென்று தனியாக இதைக் கட்டாதீர்கள். 2024 ஏப்ரல் 1 முதல் பெரும்பாலான படிவங்களில் கைரேகைக் கட்டணம் விண்ணப்பக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம்.

தேய்ந்த விரல்

வயலில் உழைத்த, காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த கைகளில் ரேகை மங்கியிருக்கும். குடியுரிமை விண்ணப்பத்தில் எஃப்.பி.ஐ. இரண்டு முறை ரேகை தெளிவில்லை என்று திருப்பினால், கடந்த ஐந்து வருடம் குடியிருந்த ஊர்களிலிருந்து போலீஸ் சான்றிதழ் வாங்கி அலைய வேண்டும். இரண்டு வாரம் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுவேன். ரேகை வைக்கும் அன்று காலை மட்டும் வேண்டாம்.

மருதாணி

யார் கல்யாணமானாலும் சரி, விரல் நுனியில் வைக்காதீர்கள்.