வளவுப் பறவைகளைப் பார்ப்பவர்கள் விடும் பிழைகள்

புலுனி, அதாவது தவிட்டுக்குருவிக் கூட்டம் வேலியோரம் நின்று கத்தத் தொடங்கினால், பெரும்பாலான வீடுகளில் யாராவது கையைத் தட்டிக் கலைத்துவிடுவார்கள். வளவில் பறவை பார்க்க விரும்புகிறவர் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான். எங்கேயோ ஒரு வேட்டைப் பிராணி நிற்கிறது என்று புலுனிகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. கலைக்காமல் அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று வடிவாகக் கவனியுங்கள். தலையைக் கீழே நீட்டி, செட்டையை உதறி, வேலியின் அடியைச் சுற்றிச் சுற்றித் தாவினால் அங்கே சாரைப்பாம்போ கீரியோ பூனையோ இருக்கும். ஒரே ஒரு கீச்சுக் குரல் கேட்டு, அடுத்த கணம் எல்லாம் பற்றைக்குள் விழுந்து அடங்கிவிட்டால் மேலே பாருங்கள். வல்லூறு வந்திருக்கும்.

அந்த வல்லூறைப் பற்றித்தான் அதிகம் பிழையாக நினைக்கிறோம். வளைந்த சொண்டு உள்ள எதைக் கண்டாலும் பிராந்து என்று சொல்லிக் கல்லை எடுப்பது ஊர் வழக்கம். செம்பிராந்து பெரியது, திறந்த வானத்தில் வட்டமிடும், கடற்கரையில் மீன் கழிவு பொறுக்கும், சில நேரம் கோழிக்குஞ்சைத் தூக்கும். வல்லூறு புறா அளவுதான். குட்டையான செட்டை, நீண்ட வால், சாம்பல் முதுகு. வயது வந்த ஆண் பறவைக்குக் கண் நல்ல சிவப்பு. மாமரத்து இலைக்குள் அசையாமல் இருந்து, ஒரே பாய்ச்சலில் ஓணானையோ அணிலையோ சிறு குருவியையோ கவ்விக்கொண்டு போகும். தேன்சிட்டைத் தூக்கிக்கொண்டு போவதை நேரில் பார்த்தால் மனம் பதறும்தான். ஆனால் வல்லூறு வந்து தங்குகிற வளவில் அதற்குப் போதிய இரை இருக்கிறது, அதாவது பறவைகளும் மற்றச் சீவன்களும் நன்றாகவே வாழ்கின்றன என்று அர்த்தம். அதன் பாய்ச்சல் பல தடவை வெறுமையாகத்தான் முடியும். அதை அடித்துக் கொல்வது குற்றமும்கூட. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்குப் பாதுகாப்புத் தருகிறது.

சாரைப்பாம்புக்கும் இதே நியாயம். அதற்கு விஷம் கிடையாது. கூட்டில் ஏறி முட்டை குடிக்கும், உண்மை. ஆனால் அது தின்பதில் பெரும்பங்கு எலி. எலியும் கூடு ஏறும் என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். எலிக்கு நஞ்சு வைத்தால், அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் சேர்ந்து சாகும்.

உண்மையில் வளவைக் காலியாக்குவது, நாங்களே வேட்டைக்கு வசதி செய்து கொடுப்பது. பூனையில் தொடங்கலாம். வயிறு நிறையச் சோறும் மீனும் போட்டால் குருவி பிடிக்காது என்ற நம்பிக்கை வீட்டுக்கு வீடு இருக்கிறது. பசி இல்லாத பூனையும் வேட்டையாடும். அது அதன் இயல்பு. கழுத்தில் மணி கட்டுவது கொஞ்சம் உதவும். ஆனால் இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுக்கு மணிச்சத்தம் கேட்டு என்ன பயன்? விடியற்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் பூனையை வீட்டுக்குள் வைத்திருப்பதுதான் உருப்படியான வழி. பூனை வாயிலிருந்து பறித்த குருவி வெளியே காயம் தெரியாமல் இருந்தாலும் தப்பியது என்று நினைக்காதீர்கள். பூனையின் எச்சிலில் உள்ள பக்டீரியா, ஊசிமுனை அளவு பல் பட்ட இடத்தால் உள்ளே போய் ஓரிரு நாளில் கொன்றுவிடும். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில், கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் பறவைக்குக் கிணற்றடிதான் கதி. வாய்க்காலில் தேங்கிய கொஞ்சத் தண்ணீரில் புலுனிகள் குளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சை முக்கி, செட்டையால் அடித்து, முதுகெல்லாம் நனைத்துக்கொண்டு நிற்கும். நனைந்த குருவிக்கு உடனே எழும்பிப் பறக்க முடியாது. அந்த நேரத்தைத்தான் பூனை பார்த்திருக்கும். நல்ல மனத்தோடு மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறவர்கள், நிழல் என்று அதைக் குரோட்டன் பற்றைக்குக் கீழேயே வைத்துவிடுகிறார்கள். பூனை பதுங்க அதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. பற்றையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, இடுப்பளவு உயரத்தில் வையுங்கள். அந்தத் தூரம் போதும்: பூனை வருவது தெரியும், வல்லூறு வந்தால் பற்றைக்குள் ஓடி ஒளியவும் முடியும். ஆழம் இரண்டு விரலுக்கு மேல் வேண்டாம். பழைய தண்ணீரைத் தினமும் வெளியே ஊற்றிவிட்டு, சட்டியின் உள்பக்கத்தைத் தும்பால் தேயுங்கள். டெங்கு நுளம்பு முட்டையை ஓரத்தில்தான் ஒட்டும். தண்ணீரை மட்டும் மாற்றினால் அது போகாது.

சனிக்கிழமை விரதத்துக்குக் காகத்துக்குச் சோறு வைப்பது எங்கள் வழக்கம், அதை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கூடு இருக்கும் தேசிமரத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். மதிலின் மறுகோடியில் வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கிடந்து புளித்தால் பகலில் காகமும் இரவில் எலியும் அங்கேயே குடியிருக்கும்.

கூட்டைப் பார்க்கப் போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற பிழை, ஏனென்றால் அது ஆசையால் வருவது. தையற்காரக் குருவி இரண்டு இலையைப் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்து உள்ளே கூடு வைக்கும். பக்கத்தில் போனாலும் தெரியாது. படம் எடுப்பதற்காக முன்னால் உள்ள இலையை விலக்கி, கொப்பை முறித்துவிட்டால் அந்த மறைப்பு போய்விட்டது. காகம் மதிலில் இருந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நாங்கள் திரும்பத் திரும்ப எங்கே போய்க் குனிகிறோம் என்பது அதற்குப் போதும். செண்பகமும் அப்படித்தான், பற்றைக்குள் நடந்து நடந்தே கூடு தேடும். முட்டையையும் குஞ்சையும் விடாது. தூரத்தில் கதிரை போட்டு இருந்து, தாய்க்குருவி போய்வருவதைப் பாருங்கள். தாய் இரையோடு நின்று தயங்கினால் நீங்கள் இன்னும் பின்னால் போக வேண்டும்.

நிலத்தில் நிற்கும் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வருவதும் அதே ஆசைதான். இறகு முளைத்து, தத்தித் தத்தித் திரியும் புலுனிக் குஞ்சு கைவிடப்பட்டது இல்லை. நன்றாகப் பறக்கும் முன்பே அவை கூட்டை விட்டு இறங்கிவிடும். கூட்டம் முழுவதும் சேர்ந்து இரை கொடுக்கும். பூனை நின்றால் பூனையைத் துரத்துங்கள், குஞ்சைப் பக்கத்துக் கொப்பில் ஏற்றிவிடுங்கள், அவ்வளவுதான். இறகு இல்லாத குஞ்சு விழுந்திருந்தால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை.

கிளுவை வேலியையும் பூவரசையும் வெட்டுவதற்கு முன் ஒரு தரம் கூடு பாருங்கள். மதில் கட்டிய வளவுகளில் ஒரு ஓரத்திலாவது பற்றை விடுங்கள். பட்ட பனையை அவசரப்பட்டுத் தறிக்க வேண்டாம். வீட்டின் மேல் விழும் இடத்தில் நின்றால் சரி, வேறு வழியில்லை. கிளியும் மைனாவும் அதன் பொந்தில்தான் குஞ்சு பொரிக்கும். தெற்கில் திரியும் மரங்கொத்திக்கு முதுகு சிவப்பு, இங்கே வடக்கில் இருக்கும் அதன் உறவுக்கார மரங்கொத்திக்கு முதுகு பொன்மஞ்சள். அந்த வடிவான பறவைக்கும் துளை போட உக்கிய மரம் வேண்டும்.

மாரி தொடங்கும் காலத்தில் ஆறுமணிக்குருவி கடல் தாண்டி வந்து களைத்து விழும். விறாந்தையிலும் கிணற்றடியிலும் சோர்ந்து இருக்கும். காகங்கள் சுற்றி நின்று கொத்தும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறும் வேண்டாம். துளை போட்ட மட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, சத்தமில்லாத அறையில் விடுங்கள். காயம் இல்லையென்றால், காகங்கள் அடைந்த பிறகு, பொழுதுபடும் நேரத்தில் பற்றையோரமாகப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.