வார்டா, நகர் முழுவதுமா? வாதத்தில் நேரும் தவறுகள்

அமெரிக்க நகர்மன்ற உறுப்பினர்களை வார்டு வாரியாகத் தேர்ந்தெடுப்பதா, நகரத்து வாக்காளர்கள் எல்லோரும் சேர்ந்து எல்லா இடங்களுக்கும் வாக்களிப்பதா? இந்த வாதம் கிளம்பினால் வரைபடத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். வாக்கை எப்படி எண்ணப் போகிறோம் என்று கேட்பவர் குறைவு. எனக்கு அதுதான் ஆதங்கம்.

ஐந்து இடங்கள், ஆளுக்கு ஐந்து வாக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சதவீதத்தினர் ஓரணியாக நின்றால் ஐந்து இடங்களும் அவர்களுக்கே. 40 சதவீதத்தினருக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. "நகரம் முழுவதும் வாக்களிப்பதே பொது நியாயம்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அலபாமாவின் மொபைல் நகரில் 1911 முதல் மூன்று ஆணையர்களை இப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவராக இருந்த காலத்திலும் அவர்களில் ஒருவர்கூட ஆணையராகவில்லை. இதை எதிர்த்த வழக்கில், பாகுபாடு காட்டும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. விளைவைக் காட்டினாலே போதும் என்று 1982-இல் நாடாளுமன்றம் வாக்குரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 1985-இல் மொபைல் ஏழு வார்டுகளுக்கு மாறியது.

இதைக் கேட்டு, வார்டு பிரித்துவிட்டால் நீதி வந்துவிடும் என்று நம்புவதும் பிழை. ஒரு சிறுபான்மையினர் நகரெங்கும் சிதறி வாழ்ந்தால் எந்தக் கோடும் அவர்களுக்கு உதவாது. கோடு போடுபவரின் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். டெக்சஸின் மிட்லண்ட் மாவட்டத்தில் ஒரு தொகுதியில் 67,906 பேர். மற்ற மூன்றில் 852, 414, 828 பேர். மாவட்ட ஆட்சி மன்றத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பினர்! 1968-இல் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது.

மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் வார்டே இல்லை. ஒன்பது இடங்களுக்கும் நகரமே வாக்களிக்கிறது. ஆனால் 1941 முதல் அங்கே ஒற்றை மாற்று வாக்கு முறை: வாக்காளர் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி எண்ணிடுவார்; முதல் விருப்பத்தவருக்குத் தேவைப்படாத வாக்கு அடுத்த விருப்பத்தவருக்குப் போகும். பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் ஆதரவு இருந்தால் ஓர் இடம் உறுதி. ஓரிகானின் போர்ட்லண்ட் 2024-இல் இதையே நான்கு வார்டுகளில், வார்டுக்கு மூவர் என்று நடத்தியது.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அரிசோனாவின் டூசான் நகரில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது வார்டு. இறுதித் தேர்தலில் வாக்களிப்பது நகரம் முழுவதும். நகரத் தேர்தல் முறையை மாற்றும் ஒரு திருத்தம் உங்கள் முன் வந்தால், வேட்பாளர் எங்கே குடியிருக்க வேண்டும் என்ற வரியோடு நிறுத்தாமல், இறுதிச் சுற்றில் யார் வாக்களிப்பார்கள் என்ற வரிவரை படியுங்கள்.