படம் இருக்கிறது, குரல் எங்கே? நீலகிரியில் வலசைப் பறவை பார்ப்போர் செய்யும் தவறுகள்

ஆகஸ்ட் முடியும் நேரத்தில் ஓடைக்கல்லில் முதல் சாம்பல் வாலாட்டி வந்து உட்கார்ந்துவிட்டால் நீலகிரியில் வலசைக் காலம் தொடங்கிவிட்டது என்று பொருள். செப்டம்பரில் வார்ப்ளர்கள் எனும் சின்னஞ்சிறு கதிர்க்குருவிகள், அக்டோபரில் காஷ்மீர் ஈப்பிடிப்பான், அதையொட்டி ஆறுமணிக்குருவி என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கும். கூடவே ‘அரிய பறவை பார்த்தேன்’ என்ற பதிவுகளும் வந்து குவியும். அவற்றில் பல, இபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் பதிவுகளைச் சரிபார்ப்பவரின் முதல் கேள்விக்கே தாங்குவதில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே புதிதாக வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். பளிச்சென்ற சட்டை போடாதீர்கள், சத்தமாகப் பேசாதீர்கள் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. அதை விட்டுவிடுவோம்.

எங்கே அரிது என்று கேட்காமலே துள்ளுவது

காஷ்மீர் ஈப்பிடிப்பான் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள பறவை. இமயத்தின் வடமேற்கு மூலையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இலங்கை மலைகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருகிறது. ஆனால் உதகை, குன்னூர்ப் பக்கம் ஆண்டுதோறும் வரும் விருந்தாளி அது. உதகையில் அதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சிதான், ஆனால் அதிசயம் இல்லை. அதே பறவையை மலைக்குக் கீழே மசினகுடிப் புதர்க்காட்டில் பார்த்தேன் என்றால் ஆதாரம் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

சமவெளியிலிருந்து வருகிறவர்கள் சோலைக்குள் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானைப் பார்த்துவிட்டு வலசைக் கணக்கில் எழுதுவதும் உண்டு. அது இங்கேயே பிறந்து இங்கேயே வாழும் பறவை. வாலைப் பாருங்கள். காஷ்மீருக்கும், அதன் நெருங்கிய உறவான செம்மார்பு ஈப்பிடிப்பானுக்கும் வாலின் அடியில் இரு பக்கமும் வெள்ளை இருக்கும். வாலை நிமிர்த்தும்போது நன்றாகவே தெரியும். கருப்பு-ஆரஞ்சுக்கு அது கிடையாது.

பழைய புத்தகத்தோடு நின்றுவிடுவது

செம்மார்பு ஈப்பிடிப்பானும் டைகா ஈப்பிடிப்பானும் ஒரே இனமாக இருந்த காலம் உண்டு. கிரீன் வார்ப்ளரும் கிரீனிஷ் வார்ப்ளரும் அப்படித்தான். பழைய பதிப்பில் ஒரே பக்கத்தில் இருப்பவை இன்று தனித்தனி இனங்கள்.

படம் கிடைத்ததும் குரலை விட்டுவிடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் பார்த்தும் எரிச்சல் தீராத தவறு இது. திருத்த வழியில்லாத தவறும் இதுதான்.

உதகைக்கு மேலே ஒரு சீகை மரத்தில் சின்னஞ்சிறு வார்ப்ளர் ஒன்று கிளை மாறிக்கொண்டே இருக்கிறது. விட்டுவிட்டுக் கூப்பிடவும் செய்கிறது. கீழே நிற்கும் இளைஞர் தொடர்ந்து படம் எடுக்கிறார். “தம்பி, குரலை ரெக்கார்ட் பண்ணீங்களா?” என்று கேட்டால், “போட்டோ கிளியரா இருக்கு சார், வீட்ல போய் புக்ல பாத்துக்கலாம்” என்கிறார். வீட்டில் பெரிதாக்கிப் பார்க்கும்போது இருப்பதெல்லாம் பச்சை முதுகு, வெளிர் புருவம், வெளுத்த வயிறு. கிரீனிஷ், கிரீன், லார்ஜ்-பில்டு, டைட்லர் என்று நான்கு வார்ப்ளர்களுக்கும் பொருந்துகிற படம் அது. மறுநாள் போனால் மரம் இருக்கிறது, பறவை இல்லை. இவை இரவில் பயணம் போகிறவை. வழியில் தங்கிய பறவை அடுத்த இரவே கிளம்பிவிடலாம்.

குரல் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். கிரீனிஷ் வார்ப்ளரின் அழைப்பு இரண்டு அசை, ‘சிஸ்-வீ’ என்று கேட்கும். கிரீன் வார்ப்ளருக்குப் பெரும்பாலும் மூன்று அசை, ‘சி-சு-வீ’. லார்ஜ்-பில்டு விசில் அடித்தது போல இரண்டு சுரம் எழுப்பும், இரண்டாவது மேலேறும். ஈப்பிடிப்பான்களிலும் இப்படித்தான். செம்மார்பின் கிறுகிறுப்பு மெதுவானது, ஒவ்வொரு ‘டிக்’கையும் கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். டைகா அதையே பூச்சி ரீங்காரம் போல விரைவாக இழுக்கும்.

இறகை மட்டும் நம்பினால் இன்னொரு சிக்கல். கிரீனிஷின் சிறகில் இருக்கும் மெல்லிய வெளிர்பட்டை சில நேரம் தேய்ந்தே போயிருக்கும். பட்டை இல்லை என்பதற்காக அதை டைட்லர் என்று எழுதிவிடுகிறார்கள். டைட்லருக்குப் பட்டை கிடையாதுதான், ஆனால் அலகு நீண்டு, மெலிந்து, கறுத்திருக்க வேண்டும். அந்த அலகு தெரிகிற கோணத்தில் படம் இருக்காது.

குரலைப் பதிவு செய்யத் தனிக்கருவி தேவையில்லை, கையில் இருக்கும் போனே போதும். விமானப் பயன்முறையில் போடுங்கள். ஒலிப்பதிவுச் செயலியில் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலியின் ஒலிப்பதிவும் வேவ் கோப்பாகவே சேமிக்கிறது, அதையே பயன்படுத்தலாம். பெரும்பாலான போன்களில் மைக் கீழ்முனையில் இருக்கும், அந்த முனையைப் பறவைக்குக் காட்டுங்கள். காற்றடித்தால் அடிமரத்தின் மறைவில் நில்லுங்கள். ஓடை இரைந்தால் உங்களுக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு மேடு இருக்கும்படி நகருங்கள். நீலகிரியில் பதிவைக் கெடுப்பதில் முதல் இடம் மழைக்கோட்டுக்கு. கையை அசைத்தாலே சரசரக்கும். அதைக் கழற்றி வையுங்கள், அல்லது சிலைபோல நில்லுங்கள். ஒரு நிமிடமாவது ஓடவிட்டு, கடைசியில் தேதி, நேரம், இடம், பறவை எந்த மரத்தில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை உங்கள் குரலிலேயே சொல்லி முடியுங்கள். கேமராவை அதன் பிறகு தூக்கலாம்.

குரல் எழுப்பாத பறவையும் உண்டு. அப்போது ‘கிரீனிஷ்/கிரீன் வார்ப்ளர்’ என்று இரண்டையும் சேர்த்தே பதியுங்கள். இபேர்டில் அதற்கு இடம் இருக்கிறது. ஊகித்து எழுதிய ஒற்றைப் பெயரைவிட அந்தச் சாய்கோட்டுக்கு மதிப்பு அதிகம்.

மூடுபனியில் எடுத்த நிறத்தை நம்புவது

பனியில் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வீட்டில் படத்தை வெளிச்சமாக்கி, நிறத்தையும் கொஞ்சம் ஏற்றினால் செம்மார்பின் தொண்டைச் சிவப்பு வயிறு வரை பரவியது போல ஆகிவிடும். உடனே அது ‘காஷ்மீர்’! ஆண் காஷ்மீருக்குச் சிவப்பின் ஓரமாகத் தொண்டையிலிருந்து மார்பு வரை கறுப்புக் கரை இறங்கும். செம்மார்புக்கு அந்த இடத்தில் சாம்பல்தான். நிறத்தைவிட இந்தக் கரையைத் தேடுங்கள். கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் 5500 கெல்வின் அளவில் நிறுத்திவையுங்கள். திருத்தாத மூலப்படத்தை அழிக்காதீர்கள். சரிபார்ப்பவர் கேட்பது அதைத்தான்.

டைகா என்று சந்தேகம் வந்தால் வால் தொடங்கும் இடத்துக்கு மேலுள்ள இறகுகள் வாலைவிடக் கறுப்பா என்று பாருங்கள். அலகும் முழுக்கக் கறுத்திருக்க வேண்டும். செம்மார்பின் கீழலகு அடியில் வெளிறியிருக்கும். அந்த ஆண்டு பிறந்த ஆண்களுக்குத் தொண்டைச் சிவப்பே இருக்காது. அவற்றின் சிறகில் மங்கிய மஞ்சள் நுனிகள் வரிசையாக நின்று பட்டை போலத் தெரியும். அதை வேறு இனத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செயலி சொன்ன பெயரை அப்படியே ஏற்றுவது

செயலி தருவது யோசனை. பறவையைக் கண்ணால் பார்த்தோ, பதிவைத் திரும்பக் கேட்டோ உறுதி செய்யும்வரை பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது

கூடாது. இரவெல்லாம் பறந்து வந்த பறவை இரை தேட வேண்டிய நேரம் அது.

பறவையின் பின்னால் தேயிலைக்குள் இறங்குவது

புதருக்குள் காட்டுமாடு படுத்திருக்கும். பாதையை விட்டு விலகாதீர்கள்.

இடத்தை அன்றே ஊருக்கெல்லாம் சொல்வது

சரிபார்ப்பவருக்குச் சொன்னால் போதும். மற்றவர்களுக்குப் பறவை போன பிறகு சொல்லலாம்.

மயங்கிக் கிடக்கும் ஆறுமணிக்குருவிக்குத் தண்ணீர் புகட்டுவது

அக்டோபர், நவம்பரில் விளக்கு வெளிச்சத்துக்கு இழுக்கப்பட்டு வீட்டுக்குள் நுழைவதும், சன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும் இதற்கு வழக்கம். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் குட்டை வாலும் கொண்ட இந்தப் பறவையை எடுத்ததும் பலர் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் பறவை செத்துப்போகும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து உள்ளே விடுங்கள். மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள். நடுவில் திறந்து பார்க்கவோ, கையில் பிடித்துப் படம் எடுக்கவோ வேண்டாம். தெளிந்ததும் பக்கத்துப் புதரோரம் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தால் தானே போய்விடும். ஒரு சிறகு தொங்கினாலோ நிற்க முடியாமல் சாய்ந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்து வளர்க்க அனுமதி இல்லை.